யுனானி சிகிச்சைக்கு முதன்முறை செல்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அம்மாவின் நெடுநாள் மூட்டுவலிக்கு யுனானி சிகிச்சை எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தபோது, எங்கே செல்ல வேண்டும், எவற்றைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும், எத்தனை வாரம் ஒதுக்க வேண்டும் என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்லும் குறிப்பு ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. விளம்பரங்கள் மட்டும் ஏராளமாகக் கிடைத்தன. அங்கங்கே கேட்டும் அலைந்தும் தெரிந்துகொண்டவற்றை, அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இது நோயாளியின் பக்கத்திலிருந்து எழுதப்படும் குறிப்பு. இதைப் பார்த்து எந்த மருந்தையும் நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

1. இது உங்கள் நோய்க்குரிய இடமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூட்டுவலி, தோல் நோய்கள், செரிமானக் கோளாறு, மலச்சிக்கல், நாள்பட்ட சளி, தூக்கமின்மை போன்ற நீண்டகாலத் தொல்லைகளுக்குத்தான் பெரும்பாலோர் யுனானியை நாடுகிறார்கள். நெஞ்சுவலி, திடீரென்று கை கால் விழுந்துபோதல், மூச்சுத் திணறல், கடும் காய்ச்சல், இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். யுனானி மருத்துவரும் அதையே சொல்வார்.

இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை ஆகியவற்றை எழுதித் தந்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. "இதைத் தொடங்கியதும் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

2. அடிப்படைக் கோட்பாட்டைச் சற்றுப் பொறுமையாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். முட்டி வலி என்று போனால் கனவைப் பற்றியும் முடியின் தன்மையைப் பற்றியும் கேட்கிறார்களே என்ற எரிச்சலும், மருந்து சாப்பிட்டு ஒரு வாரமாகியும் வலி குறையவில்லையே என்ற ஏமாற்றமும் இதைத் தெரிந்துகொள்ளாததால் வருபவை.

வரலாறு இங்கே வேண்டாம். புக்ராத் என்று அரபியில் வழங்கும் ஹிப்போகிரட்டீசும் ஜாலினூஸ் என்று வழங்கும் கேலனும் வகுத்த கிரேக்க மருத்துவக் கோட்பாடு, அரபு மொழிக்குச் சென்று அங்கே விரிவடைந்தது என்பதும், பாரசீக மருத்துவர் இப்னு சீனா 1025ஆம் ஆண்டளவில் முடித்த 'அல் கானூன்' என்ற மருத்துவ நூலின் பாகுபாடுகள் இன்றைய மருத்துவரின் கேள்விகளிலும் தொடர்கின்றன என்பதும் தெரிந்தால் போதும்.

கோட்பாடு இதுதான். நெருப்பு, காற்று, நீர், மண் என்ற நான்கு மூலங்களுக்கும் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற தன்மைகள் உண்டு. உணவு செரித்து உடலில் நான்கு நீர்களாகிறது: தம் எனப்படும் இரத்தம் வெப்பமும் ஈரமும் உடையது, பல்கம் எனப்படும் கபம் குளிர்ச்சியும் ஈரமும் உடையது, சஃப்ரா எனப்படும் மஞ்சள் பித்தம் வெப்பமும் வறட்சியும் உடையது, சௌதா எனப்படும் கரும்பித்தம் குளிர்ச்சியும் வறட்சியும் உடையது. இவற்றின் கலவையால் ஒவ்வொருவருக்கும் அமையும் உடலியல்புக்கு மிஜாஜ் என்று பெயர். இது எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இயல்பான கலவை எதுவோ அது குலையாமல் இருப்பதே நலம். உறுப்புகளுக்கும் தனித்தனி மிஜாஜ் உண்டு. மூளையைக் குளிர்ச்சியும் ஈரமும் உடையதாகவும், ஈரலை வெப்பமும் ஈரமும் உடையதாகவும், எலும்பைக் குளிர்ச்சியும் வறட்சியும் உடையதாகவும் கொள்கிறார்கள்.

கலவை குலைவது இருவகைப்படும். வெறும் தன்மை மட்டும் மாறியிருக்கலாம். அப்போது எதிர்த்தன்மையுள்ள உணவும் மருந்தும் கொடுத்துச் சமன் செய்வார்கள். அல்லது கெட்டுப்போன உடல்நீர் ஓரிடத்தில் தேங்கியிருக்கலாம். அப்போது அதைப் பக்குவப்படுத்தி வெளியேற்றினால்தான் தீரும் என்பது கோட்பாடு. உங்கள் சிகிச்சை எத்தனை நாள் பிடிக்கும் என்பதை இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் முடிவு செய்கிறது. உடலைக் காக்கும் உள்ளாற்றலைத் தபீஅத் என்கிறார்கள். நோயைத் தீர்ப்பது அந்த ஆற்றல், மருத்துவர் அதற்கு உதவியாளர் மட்டுமே என்பது இந்த முறையின் நிலைப்பாடு.

இங்கே தமிழர்கள் ஒரு பொறியில் எளிதாக விழுவார்கள். வீட்டில் நாம் கேட்டுப் பழகிய வாதம், பித்தம், கபம் என்ற மூன்றையும் யுனானியின் நான்கோடு ஒட்டவைத்துப் பார்க்கத் தோன்றும். கணக்கு ஒத்துவராது. சித்த மருத்துவத்தின் முதன்மையான வாதத்துக்கு யுனானியின் நான்கில் நேரான இணை இல்லை. யுனானியில் இரத்தமே நான்கில் ஒன்று. பித்தம் அங்கே இரண்டு வகை. ஆகையால் "எனக்குப் பித்த உடம்பு, சார்" என்று தீர்ப்போடு போகாமல், நெஞ்செரிச்சல், வாய்க்கசப்பு, தலைச்சுற்றல் என்று உணர்வதை உணர்ந்தபடியே சொல்லுங்கள்.

சௌதா என்பது ஆய்வகத்தில் அளந்து இத்தனை மில்லிகிராம் என்று காட்டக்கூடிய பொருள் அன்று. இதை ஒரு மருத்துவச் சட்டகமாக மதிக்கலாம். இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் மாற்றாகக் கொள்ள முடியாது. பட்டம் பெற்ற யுனானி மருத்துவர்களும் அந்தப் பரிசோதனைகளைக் கேட்கத்தான் செய்கிறார்கள்.

3. இடத்தையும் மருத்துவரையும் தேர்ந்தெடுங்கள்

சென்னையில் இருப்பவர்களுக்கு முதல் வாய்ப்பு அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசினர் இந்திய மருத்துவமனை வளாகம். அரசு யுனானி மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. ஒன்றிய அரசின் மத்திய யுனானி மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் வட்டார நிறுவனம் ராயபுரத்தில் இருக்கிறது. தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய நிலை வந்தால், பெங்களூரு மாகடி சாலையில் உள்ள தேசிய யுனானி மருத்துவ நிறுவனத்தையும், வெண்படை போன்ற தோல் நோய்களுக்கு ஐதராபாத்தில் தோல் நோய்களுக்கெனவே இயங்கும் தேசிய யுனானி ஆராய்ச்சி நிறுவனத்தையும் எண்ணிப் பார்க்கலாம்.

தனியாரிடம் செல்வதானால் பெயருக்கு முன்னால் ஹக்கீம், அதாவது மருத்துவர், என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அதைத் தகுதி இல்லாதவரும் போட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பி.யு.எம்.எஸ். என்ற யுனானி மருத்துவ இளநிலைப் பட்டம், நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்தது அது. மேற்படிப்புப் படித்தவரானால் எம்.டி. யுனானி அல்லது எம்.எஸ். யுனானி என்று இருக்கும். மற்றொன்று, மாநில வாரியத்தில் பதிவு செய்த எண். இது மருந்துச் சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள். முறையாகப் பதிவு செய்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு, வெண்படை ஆகியவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அப்படிப் பலகை வைத்திருப்பவர் சட்டத்தை மீறித்தான் உங்களை அழைக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

4. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

அடையாளத்துக்கு ஆதார் அட்டையும், புறநோயாளிச் சீட்டு பதிவதற்குக் கைப்பேசி எண்ணும் போதும். ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கான ஆபா எண் ஏற்கெனவே இருந்தால் குறித்துச் செல்லுங்கள். சில இடங்களில் வரிசை விரைவாக நகரும். அதைவிட முக்கியமானவை மருத்துவத் தாள்கள். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகள், ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்தப் பரிசோதனைகளில் சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை ஆகிய நான்கும் இருப்பது நல்லது. சிகிச்சை தொடங்கும் முன் உடல் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்று வேண்டும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்ட பிறகு ஏதாவது ஏறியிருந்தால், அது முன்பே இருந்ததா பிறகு வந்ததா என்று சொல்ல வேறு வழியில்லை.

இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், பெயர், அளவு, வேளை மூன்றும் தெரியும்படி ஒரு தாளில் எழுதுங்கள். அட்டைகளையே பையில் போட்டுக் கொண்டுபோவது இன்னும் நல்லது. கடையில் வாங்கிய வலி மாத்திரை, சித்த லேகியம், புரதப் பொடி ஆகியவையும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். வயதானவர்கள் "அதெல்லாம் மருந்தா" என்று விட்டுவிடுவார்கள். எங்கள் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது அம்மா தினமும் இரவில் குடித்துவந்த மலமிளக்கிப் பொடி. மருத்துவர் அதிகம் விசாரித்ததும் அதைப் பற்றித்தான்.

5. முந்தைய நாள் செய்ய வேண்டிய தயாரிப்பு

மிஜாஜைக் கண்டறிய யுனானி நூல்கள் பத்து அடையாளங்களைச் சொல்கின்றன. தொட்டால் உடல் சூடா, குளிர்ச்சியா, சதையும் கொழுப்பும் எவ்வளவு, முடி அடர்த்தியா, சுருளா, விரைவில் நரைத்ததா, தோலின் நிறம், உடற்கட்டு, வெயிலும் பனியும் எவ்வளவு விரைவில் தாக்குகின்றன, தூக்கமும் விழிப்பும், உறுப்புகளின் செயல் வேகமா, மந்தமா, மலம், சிறுநீர், வியர்வை ஆகியவற்றின் நிறமும் மணமும், கோபம், அச்சம், துயரம் ஆகியவை எவ்வளவு விரைவில் வந்து எவ்வளவு நேரம் நிற்கின்றன. இந்தப் பத்துக்கும் ஒவ்வொரு வரி எழுதிக்கொண்டு போனால் ஆலோசனை அறையில் தடுமாற வேண்டியதில்லை. நோய் வந்த பின் இருக்கும் நிலையோடு, நலமாக இருந்த காலத்து நிலையையும் எழுத வேண்டும். மருத்துவர் ஒப்பிடுவது அந்த இரண்டையும்தான்.

இவற்றோடு அன்றாட வாழ்க்கையைப் பற்றியும் கேட்பார்கள். வாழ்வுக்கு இன்றியமையாதவை என்று இந்த முறை ஆறு காரணிகளை வகுத்திருக்கிறது: சுற்றியுள்ள காற்று, உணவும் நீரும், உடல் உழைப்பும் ஓய்வும், மன அசைவும் அமைதியும், தூக்கமும் விழிப்பும், கழிவுகளை உரிய அளவில் தங்கவிடுவதும் வெளியேற்றுவதும். வேலை செய்யும் இடம் குளிரூட்டப்பட்டதா, அடுப்படியா, ஈரத்தரையில் நிற்கிறீர்களா என்பவை முதல் காரணியில் வரும் என்பதால் அவற்றைச் சாதாரணமென்று விட்டுவிடாதீர்கள்.

நாடி பார்ப்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. வயிறு நிறைய உண்ட உடனேயும், படியேறி மூச்சு வாங்கும்போதும், குளித்த உடனேயும், கோபத்திலோ பதற்றத்திலோ இருக்கும்போதும் பார்த்தால் நாடி மாறிக் காட்டும். ஆகவே சீட்டுப் பதிந்த பின் சிறிது நேரம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு உள்ளே செல்லுங்கள். மருத்துவர் நாடியில் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. அதன் நீள அகலம், வலிமை, இரத்தக்குழாயின் மென்மை, நிறைவு, தொட்டால் தெரியும் சூடு, சீர் என்று பத்துக் கூறுகளைக் கணக்கிடுவதாக நூல்கள் சொல்கின்றன. ஆகையால் நேரம் பிடிக்கும். இடையில் பேசாமல் இருங்கள்.

சிறுநீரின் நிறத்தையும் அடர்த்தியையும் படிவையும் பார்ப்பவர்கள் உண்டு. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைத்தான் கேட்பார்கள். முந்தைய நாள் குங்குமப்பூ, பீட்ரூட் போன்ற நிறம் ஏற்றும் உணவைத் தவிர்த்துவிடுங்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை சிறுநீரை அடர் மஞ்சளாக்கும். அது தெரியாமல் பார்த்தால் சஃப்ரா மிகுந்ததாகத் தோன்ற வாய்ப்புண்டு.

6. மருத்துவரின் அறையில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு காலையில்தான் இயங்கும். நண்பகலை நெருங்கிப் போனால் பதிவு முடிந்திருக்கும், அல்லது மருந்தகத்தை மூடியிருப்பார்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதல் நாள் என்றால் அரை நாளை முழுதாக ஒதுக்குங்கள்.

என் அம்மாவின் முழங்கையை மருத்துவர் உட்புறமும் வெளிப்புறமும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். இரவில் போர்வையைத் தேடுகிறீர்களா, உதைத்துத் தள்ளுகிறீர்களா என்று கேட்டார். மூட்டைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வந்தது. வலிக்கும் இடத்தில் சூடு வைத்தால் இதமா, குளிர்ந்த நீர் இதமா என்ற கேள்விக்கு அம்மா சொன்ன விடையை அவர் சீட்டில் கோடிட்டு எழுதிக்கொண்டார். மூட்டுவலி ஒருவருக்குக் கபத்தாலும் மற்றொருவருக்கு இரத்தத்தாலும் வரலாம் என்பது அவர்கள் கணிப்பு. ஆகையால்தான் ஒரே வலியுள்ள இருவருக்கு மருந்து வேறாகிறது. பக்கத்து வீட்டாரின் சீட்டை வைத்து மருந்து வாங்குவது இந்த முறையில் எவ்வளவு பொருந்தாதது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

எழுந்து வருவதற்கு முன் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோயை என்னவென்று கணித்திருக்கிறார்? எந்த உடல்நீர் குலைந்திருப்பதாகக் கருதுகிறார்? வெளியேற்றும் சிகிச்சை தேவைப்படுமா? எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்தது என்ன? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைக்கும் இதற்கும் எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாமல் ஊர்ப்பயணமோ திருமண நிகழ்ச்சியோ திட்டமிடாதீர்கள். காரணம் எட்டாம் படியில் வருகிறது.

மருந்துப் பெயர்கள் அரபியிலும் பாரசீகத்திலும் இருக்கும். சீட்டை உருதுவில் எழுதும் வழக்கமுள்ளவர்கள் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் இன்றும் உண்டு. உங்களால் படிக்க முடிந்த மொழியில் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

7. மருந்து வாங்கும்போது

மருந்தின் பெயரில் உள்ள முதற்சொல் அதன் வடிவத்தைச் சொல்லிவிடும். மஅஜூன், ஜவாரிஷ், இத்ரீஃபல், கமீரா ஆகியவை லேகியம் போன்றவை. ஹப் என்றால் உருண்டை, குர்ஸ் என்றால் தட்டை மாத்திரை, சஃபூஃப் என்றால் பொடி, அர்க் என்றால் வடிநீர், ரோகன் என்றால் எண்ணெய், ஜோஷாந்தா என்றால் கஷாயம்.

இங்கே முதல் பொறி இனிப்பு. சர்க்கரை நோயாளிகள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். லேகிய வகை மருந்துகள் எல்லாமே சர்க்கரைப் பாகிலோ தேனிலோதான் செய்யப்படுகின்றன. எடையில் பெரும்பகுதி இனிப்பே. ஷர்பத் வகையும் அப்படித்தான். நாங்கள் முதலில் சென்ற தனியார் மருந்தகத்தில், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லியும், வேளைக்கு இரண்டு தேக்கரண்டி லேகியத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். கேட்டபோது "மருந்துச் சர்க்கரை ஒன்றும் செய்யாது" என்ற விடை வந்தது. அது தவறான விடை. அதே மருந்தை உருண்டையாகவோ பொடியாகவோ மாற்றித் தர முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் முடியும்.

இரண்டாவது பொறி குஷ்தா. உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பற்பங்கள் இவை. பதிவு பெற்ற மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூலிகை என்பதால் தீங்கில்லை என்ற நம்பிக்கை மூன்றாவது பொறி. யுனானி நூல்களே மருந்துகளின் வீரியத்தை நான்கு படிகளாகப் பிரித்து, நான்காம் படியில் உள்ளவற்றைக் கேடு தருபவையாக வைக்கின்றன. மூட்டுவலிக்கு மிகுதியாக எழுதப்படும் சுரஞ்சான் என்ற கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இனத்துச் செடிகளிலிருந்து அலோபதியில் கௌட் நோய்க்குக் கொடுக்கும் கோல்சிசின் எடுக்கப்படுகிறது. அளவு மீறினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். கோல்சிசின் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர், சிறுநீரகம் பலவீனமானவர் ஆகியோர் இதைச் சொல்லாமல் வாங்கக் கூடாது. வெண்படைக்குத் தரும் கார்போகரிசியைப் பூசிக்கொண்டு வெயிலில் அதிக நேரம் நின்றால் தோல் வெந்து கொப்புளமாகும். எத்தனை நிமிடம் வெயில் காட்ட வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள்.

டப்பாவின் மேல் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உட்பொருள்கள் ஆகியவை இருக்க வேண்டும். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் நஞ்சுப் பட்டியலில் உள்ள பொருள் ஏதேனும் உள்ளே இருந்தால், மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் அச்சாகியிருக்க வேண்டும். பெயரில்லாத பொட்டலத்தில் "எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்று தருவதை வாங்காதீர்கள். திருவான்மியூரில் உள்ள இம்காப்ஸ் கூட்டுறவு நிறுவனம் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றிலும் மருந்து தயாரித்து விற்கிறது; விலையை ஒப்பிட அங்கே விசாரித்துப் பார்க்கலாம்.

8. முன்ஜிஜ், முஸ்ஹில்: நாள்களைத் திட்டமிடுங்கள்

தேங்கிய உடல்நீரை வெளியேற்ற வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தால் சிகிச்சை இரண்டு கட்டமாக நடக்கும். முதற்கட்டம் முன்ஜிஜ். கெட்டியானதை இளக்கியும், நீர்த்ததை இறுக்கியும், வெளியேறும் பக்குவத்துக்குக் கொண்டுவரும் கஷாயம் இது. பெரும்பாலும் மருந்துச் சரக்கை இரவில் ஊறவைத்து, காலையில் காய்ச்சி வடித்து, வெறும் வயிற்றில் குடிக்க வேண்டியிருக்கும். மஞ்சள் பித்தத்துக்குச் சில நாள்களும், கபத்துக்கு ஏறக்குறைய 9 நாள்களும், கரும்பித்தத்துக்கு 15 நாள்களும் அதற்கு மேலும் கொடுப்பது மரபு. ஒன்று விடாமல் குடிக்க வேண்டும் என்பதால் வெளியூரில் கஷாயம் காய்ச்ச வழியில்லாதவர்கள் தொடங்கும் தேதியைத் தள்ளி வைப்பது நல்லது.

இந்தக் கட்டத்தில் வலி குறையாமலும் போகலாம். மருத்துவர் சிறுநீரின் மாற்றத்தைப் பார்த்துத்தான் அடுத்த கட்டத்துக்குச் செல்வார். நாள்கணக்கு முடிந்துவிட்டது என்று நீங்களாக அடுத்ததைத் தொடங்கக் கூடாது.

இரண்டாம் கட்டம் முஸ்ஹில், அதாவது பேதி. அன்று பல முறை கழிப்பறைக்குச் செல்ல நேரும். மறுநாள் தப்ரீத் என்ற பெயரில் குளிர்ச்சியூட்டும் மருந்து தந்து உடலை ஆற்றுவார்கள்; பிறகு மீண்டும் பேதி, மீண்டும் குளிர்ச்சியூட்டும் மருந்து. இந்த நாள்களில் அலுவலக விடுப்பு எடுத்துவிடுங்கள். கழிப்பறைக்கு அருகிலேயே படுக்கை அமைவதும், உடனிருக்க ஒருவர் இருப்பதும், குழைந்த கஞ்சியும் போதிய நீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் அவசியம். முதியவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு வீட்டில் பேதி கொடுப்பதை ஒப்புக்கொள்ள வேண்டாம். உப்புச் சத்துக் குறைந்து மயக்கம் வரக்கூடும். உள்நோயாளியாகச் சேர்த்துச் செய்யுமாறு கேளுங்கள்.

9. ஹிஜாமாவுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்

உடலின் மேல் குவளையை வைத்து உறிஞ்சும் இந்த முறை இப்போது தெருவுக்குத் தெரு பரவிவிட்டது. கீறாமல் செய்வது, தோலைக் கீறி இரத்தம் எடுப்பது என்று இரண்டு வகை உண்டு. எதைச் செய்யப் போகிறார்கள் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீறும் வகையென்றால் குவளையும் பிளேடும் புதியவையாக இருக்க வேண்டும், உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், பயன்படுத்தியதை அப்போதே கழிவுப் பெட்டியில் போட வேண்டும். கொதிநீரில் கழுவி வைத்த குவளை போதாது. இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், இரத்தசோகை உள்ளவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் ஆகியோர் தவிர்க்க வேண்டும். பட்டம் பெற்ற மருத்துவர் இல்லாமல் சில நாள் பயிற்சி பெற்றவர் மட்டும் நடத்தும் இடங்களுக்குச் செல்லாதீர்கள்.

10. செலவும் காப்பீடும்

தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் அங்கே இருப்பிலுள்ள மருந்தும் இலவசம். இருப்பில் இல்லாததை வெளியே வாங்கச் சொல்வார்கள். செலவு தொடங்குவது அங்கேதான். தனியாரிடம் ஆலோசனைக் கட்டணத்தைவிட மருந்துச் செலவே பெரிது. முத்து, குங்குமப்பூ, அம்பர் (திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் நறுமணப் பொருள்) சேர்ந்த கமீராக்களின் விலை மற்றவற்றைவிடப் பல மடங்கு இருக்கும். இவை இல்லாமல் ஆகாதா என்று கேட்பது உங்கள் உரிமை. முழுச் சிகிச்சைக்கான மருந்தையும் முதல் நாளே கட்டாக விற்க முயன்றால் மறுத்து, அடுத்த சந்திப்பு வரைக்கும் தேவையானதை மட்டும் வாங்குங்கள். மிஜாஜைப் பார்த்துப் பார்த்து மருந்தை மாற்றுவதுதான் இந்த முறை. ஆறு மாதத்து மருந்தை ஒரே நாளில் விற்பது அதன் சொந்தக் கோட்பாட்டுக்கே முரணானது.

உள்நோயாளியாகச் சேர்வதானால், ஆயுஷ் சிகிச்சையை மற்ற சிகிச்சைகளுக்கு இணையாகக் கருத வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆனாலும் பாலிசித் தாளில் எந்த மருத்துவமனைகள் தகுதி பெறும், முன் அனுமதி வேண்டுமா என்பதைப் படித்துவிட்டுச் சேருங்கள். புறநோயாளிச் செலவும், வெறும் புத்துணர்வுக்காகச் சேர்வதும் பொதுவாகக் கிடைக்காது. பில்லில் மருத்துவரின் பதிவு எண்ணும், நோயின் பெயரும், மருந்துகள் தனித்தனியாகவும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். "மூலிகை மருந்து, மொத்தம்" என்று ஒரே வரியில் எழுதிய பில்லை வைத்து எதுவும் பெற முடியாது.

11. தொடர்ந்து பார்க்கும்போது

ஒரு சிறு குறிப்பேட்டில் வலி, தூக்கம், பசி, மலம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றை நாள்தோறும் ஒரு வரியில் எழுதிவாருங்கள். மருத்துவர் சொன்ன கெடு முடிந்தும் மாற்றம் தெரியாவிட்டால், அதே மருந்தை நீட்டிக்கொண்டே போகாமல் கணிப்பையே மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். மருந்து மாதக்கணக்கில் நீண்டால் கிரியேட்டினினையும் ஈரல் பரிசோதனையையும் மீண்டும் எடுத்து முதல் அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், தோலில் தடிப்பு, நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போகும்போது மருந்து டப்பாவையும் கையில் கொண்டுபோங்கள். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய ஆயுஷ் அமைச்சகம் நாடு முழுவதும் மையங்களை வைத்திருக்கிறது. பெங்களூரு தேசிய நிறுவனமும் அவற்றில் ஒன்று. புகாரைப் பதிவதற்கு முதலில் கேட்பது தொகுதி எண்ணைத்தான். ஆகையால் மருந்து தீரும்வரை டப்பாவின் லேபிளைக் கிழிக்காமலும், மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றாமலும் வைத்திருங்கள்.